வயதான வீட்டில் ஒரு வாயில்லா ஜீவன்: வாசகர் கேள்வி பதில்

தனியாகவோ, துணையோடு இருவராகவோ இருக்கும் மூத்த வாசகர்கள் தங்கள் நாய், பூனை பற்றியும், அதோடு ஒட்டிவரும் வீட்டுக் கவலைகள் பற்றியும் எழுதியனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் நாயைப் பற்றிக் கேட்டவர்கள் பாதி, நாயைச் சாக்காக வைத்துத் தங்களைப் பற்றிக் கேட்டவர்கள் பாதி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவள் நான், எழுபதைத் தாண்டியாயிற்று, வீட்டில் ஒரு கிழட்டு நாட்டு நாயும் யாருக்கும் கட்டுப்படாத ஒரு பூனையும் இருக்கின்றன.

என் கணவர் போய் எட்டு மாதம் ஆகிறது. அவர் வளர்த்த நாய்க்குப் பதினொரு வயது. சாயங்காலம் ஆனால் கேட் ஓரத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறது. நாய்க்கும் துக்கம் உண்டா? எனக்கே ராத்திரியில் தூக்கம் இல்லை, இதை நான் எப்படித் தேற்றுவேன்?
– வாசகி, ஸ்ரீரங்கம்

உண்டு அம்மா. கூடவே இருந்த மனிதரோ இன்னொரு நாயோ இல்லாமல் போனால், சாப்பாட்டைக் குறைப்பது, அறை அறையாகத் தேடுவது, ஒரே மூலையில் சுருண்டு கிடப்பது எல்லாம் நடக்கும், பணியில் இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். சாவு என்றால் என்னவென்று அதற்குப் புரிகிறதோ இல்லையோ, சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை, அது அதற்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் எட்டு மாதம் கழித்தும் சாப்பிடவில்லை என்றால் துக்கம் என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். பதினொரு வயது நாய்க்கு நல்ல முதுமை. ஆசையோடு வந்து முகர்ந்துவிட்டு விலகிப் போகிற நாய்க்குப் பெரும்பாலும் பல்லிலோ ஈறிலோ வலி இருக்கும், இல்லாவிட்டால் குமட்டல் இருக்கும். குமட்டல் என்றால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா, அடிக்கடி மூத்திரம் போகிறதா, எழுந்திருக்கும்போது பின்னங்கால் தடுமாறுகிறதா என்று இரண்டு நாள் கவனித்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் போய் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். வலிக்குதோ என்னவோ என்று வீட்டில் இருக்கும் நம் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாம் முழங்கால் வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனை வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அப்புறம் செய்ய வேண்டியது நேரத்தைத் திருப்பிக் கொண்டுவருவதுதான். அவர் எந்த நேரத்தில் சோறு வைத்தாரோ அதே நேரத்தில் வையுங்கள், கால் மணி நேரம் பாருங்கள், சாப்பிடாவிட்டால் எடுத்துவிடுங்கள். பாவம் பட்டினி கிடக்கிறதே என்று அரை மணிக்கொரு தடவை பிஸ்கட்டை நீட்டினால், சாப்பிடாமல் இருந்தால் பிஸ்கட் வரும் என்பதை அது இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். அவருடைய பழைய துண்டு ஒன்றைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போட்டு வைப்பதில் தவறே இல்லை.

இன்னொன்று, இதை நீங்கள் தட்டக் கூடாது. அவர் அதைக் கூட்டிக்கொண்டு போன அதே தெருவில், அதே நேரத்தில் நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். பூக்கடைக்காரம்மா நிறுத்திக் கேட்பார், எதிர்வீட்டுக்காரர் அவரைப் பற்றி ஏதாவது சொல்வார். முதல் சில நாள் அது பொறுக்க முடியாமல் இருக்கும், வீட்டுக்கு வந்து அழுவீர்கள். பரவாயில்லை, போங்கள். என் கணவர் போன பிறகு, அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னவர்கள் எங்கள் தெருவில் நாயைப் பார்த்து நின்றவர்கள்தான். உறவுக்காரர்கள் எனக்கு வலிக்கும் என்று பயந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எட்டு மாதமாகத் தூக்கம் இல்லை என்கிறீர்களே, அதற்கு நாய் மட்டும் போதாது. உங்கள் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள், அரசின் இலவச மனநல உதவி, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

எனக்கு 71 வயது, தனியாக இருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் மகன் துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு லாப்ரடார் குட்டி வாங்கித் தருகிறேன் என்கிறான். வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகி, கோவை

வேண்டாம். மகனுக்கு உங்கள்மேல் இருக்கும் அன்பைக் குறை சொல்லவில்லை, அவன் வாங்கித் தர நினைக்கும் பிராணிதான் தவறு. லாப்ரடார் குட்டி ஒரு வருடத்தில் 25, 30 கிலோவுக்கு வந்துவிடும், அந்த வயதில் அதற்குத் தெம்பு மட்டும்தான் இருக்கும், புத்தி இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தான் வரும். எதிரே ஒரு பூனை ஓடினால் போதும், கயிற்றைப் பிடித்திருக்கும் உங்களையும் இழுத்துக்கொண்டு ஓடும். நம் வயதில் ஒரு விழுகை, ஒரு இடுப்பெலும்பு முறிவு, அதோடு மாடிப்படியே மறந்துபோன எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. போதாக்குறைக்கு லாப்ரடார் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும், அப்போது உங்களுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும்.

நாய் மேல் உண்மையிலேயே ஆசை இருந்தால் ஐந்தாறு வயதான நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுங்கள். அதன் குணம் என்னவென்று அதற்குள் தெரிந்திருக்கும், லாப்ரடாரைவிட எடை குறைவாக இருக்கும், நம் வெயிலைத் தாங்கும், எதைப் போட்டாலும் சாப்பிடும் (வெங்காயம் போட்ட சாம்பார் சாதம் மட்டும் வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், திராட்சையும் கூடாது). பிராணிகள் நல அமைப்புகளில் குட்டிக்குத்தான் அடிதடி, நடுவயது நாய்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சென்னைப் பக்கம் உறவினர்கள் இருந்தால் 1959ல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற இடங்களில் விசாரிக்கச் சொல்லலாம். கூட்டிவருவதற்கு முன்னால் மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: எனக்கு ஏதாவது ஆனால் இதை யார் பார்ப்பார்கள்? அவனிடம் பதில் இல்லை என்றால் முதலில் கோவையிலேயே ஒரு பதிலைத் தேடிக்கொண்டு அப்புறம் நாயைக் கூட்டிவாருங்கள்.

காலையில் நாயோடு வாக்கிங் போகிறேன். தினமும் 10,000 அடி நடக்க வேண்டும் என்கிறார்கள், எனக்கு 4,000 தாண்டவில்லை. நாய் ஒவ்வொரு கம்பத்துக்கும் நிற்கிறது. எனக்கு வயது 74. இது போதுமா?
– வாசகர், மதுரை

முதலில் அந்த 10,000 கணக்கை விட்டுவிடுங்கள் சார். 1964ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்ததை ஒட்டி ஜப்பானில் நடைப்பழக்கம் பரவியது, மறுவருடம் அங்கே ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயரிலிருந்து பரவியதுதான் இந்த எண், எந்த டாக்டரும் அளந்து சொன்னதில்லை. நம் அரசு 2023ல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை வைத்ததும் ஏறக்குறைய அந்தப் பத்தாயிரம் அடிக் கணக்குதான். முடிகிறவர்கள் தாராளமாக நடக்கட்டும். ஆனால் 74 வயதில் 4,000 அடி நடக்கிறவர் தன்னைக் குறைவாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது வேறு மாதிரி: வாரத்துக்கு 150 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவு இயக்கம், வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை, 65ஐத் தாண்டியவர்களுக்குக் கூடுதலாக வாரம் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி. இந்த மூன்றாவதை நம் ஊரில் யாருமே செய்வதில்லை. சர்க்கரைக்காக நடக்கிறோம், கொழுப்புக்காக நடக்கிறோம், கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து படுக்கிறோம்.

நாயோடு போவதை நாயின் வாக்கிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கம்பத்துக்குக் கம்பம் நிற்பதுதான் அதற்குச் செய்தித்தாள், இழுக்காதீர்கள். உங்கள் வாக்கிங் தனி. அதை வீட்டுக்கு வந்தபின் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ இருபது நிமிடம் விறுவிறுவென்று நடந்து முடித்துவிடலாம். எட்டுப் போட்டு நடக்கிறார்களே, அதையும் செய்யலாம். திரும்பித் திரும்பி நடக்கும்போது காலும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யப் பழகும். அதனால் சர்க்கரையும் பிரஷரும் ஓடிப்போகும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தலைசுற்றல் இருப்பவர்கள் எட்டுப் பக்கமே போக வேண்டாம்.

தசைக்கு ஜிம் தேவையில்லை. கையில்லாத உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முதல் வாரம் ஐந்து முறை, முடிந்தால் பத்து. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பால் பொங்குகிற நேரத்துக்குள் ஒரு காலில் நின்று பாருங்கள், கை மேடைமேல் இருக்கட்டும். நான் தினமும் செய்வது இவ்வளவுதான், தரையில் உட்கார்ந்து கோலம் போட்டு எழுந்திருக்க இன்னும் முடிகிறது.

நாயோடு போகும்போது மூன்று விஷயம். கயிற்றை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள், நாய் வெடுக்கென்று இழுத்தால் விரல் எலும்பு முறியும். உள்ளங்கையில் பிடியுங்கள், இழுத்தால் விட்டுவிடலாம், நாய் திரும்பி வரும். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்பக்கம் பட்டை இருக்கும் செருப்போ ஷூவோ போடுங்கள். சர்க்கரை இருந்து கால் மரத்துப்போயிருந்தால் வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், சிறு வெடிப்பு, புண் இருந்தாலும் அதை நாய் நக்க விடவே கூடாது. மூன்றாவது வெயில். மதுரையில் சித்திரை, வைகாசியில் ஏழரை மணிக்கே தார்ரோடு சுடும். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

எங்கள் அபார்ட்மென்டில் நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று மீட்டிங் போட்டு முடிவு செய்துவிட்டார்கள். நாலாவது மாடி. எனக்கும் மூட்டுவலி, நாய்க்கும் மூட்டுவலி.
– வாசகர், சென்னை

சட்டப்படி அப்படி முடிவு செய்ய அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: பெரும்பான்மை வாக்கெடுத்துக்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டை மறுக்க முடியாது, அதற்குத் தனியாகப் பணமும் கேட்க முடியாது. ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்த, 1962ல் ஏற்பட்ட வாரியம் அது. அந்த வழிகாட்டுதலைப் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள்.

ஆனால் அதை எடுத்துக்கொண்டு நேராகச் செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். யார் பயப்படுகிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். எந்த மீட்டிங்கிலும் ஒன்றிரண்டு பேர்தான் நிஜமாகவே பயந்தவர்கள், சின்ன வயதில் கடிபட்டவர்களாக இருப்பார்கள், அல்லது கைக்குழந்தை வைத்திருக்கும் தாயாக இருப்பாள். அவர்கள் பயம் நியாயமானது. அவர்களைத் தனியாகப் பார்த்து, மாநகராட்சி உரிமம், இந்த வருடத்து வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இரண்டையும் காட்டி, "லிஃப்டில் நீங்கள் இருந்தால் நான் ஏற மாட்டேன், அடுத்த தடவை வருகிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். கயிறு இல்லாமல் வராந்தாவில் விடாதீர்கள், மாநகராட்சி வாய்க்கூடு போடச் சொன்னால் போடுங்கள். கழிவை நீங்களே அள்ளுங்கள், குனிய முடியாவிட்டால் நீளக் கைப்பிடி வைத்த முறம் கிடைக்கிறது. நாளைக்கு நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போகிறவர்கள் இதே ஆட்கள்தான். சட்டத்தில் ஜெயித்து அவர்களை இழந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். இதெல்லாம் செய்தும் மசியவில்லை என்றால் சரி, அந்தப் பிரின்ட்டை எடுங்கள்.

தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் சண்டை. போன வாரம் ஒரு நாய் சாப்பிடும்போது என் கையில் பல் பட்டுவிட்டது, லேசான கீறல்தான், மஞ்சள் வைத்தேன்.
– வாசகி, சேலம்

சண்டையைப் பிறகு பேசலாம், இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பல் பட்டுத் தோல் கீறியிருந்தால், அது எவ்வளவு லேசாக இருந்தாலும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாக வேண்டும். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், தாமதமாகப் போனாலும் போடுவார்கள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்துக்கொண்டு, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தோலுக்குள்ளேயோ, 0, 3, 7, 14, 28 நாட்களில் தசையிலோ போடுவார்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். ரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத ஊசியும் கேளுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் அப்புறம் பிழைக்க வைக்க மருந்தே கிடையாது, வராமல் தடுக்க மட்டும்தான் முடியும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! கடித்தவுடன் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் முதல் மருந்து.

சோறு வைப்பது தவறில்லை, ஆனால் தெருவில் வைக்கக் கூடாது, உள்ளாட்சி அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2023ல் வந்த பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே அதற்கு வழி சொல்கின்றன: வாசலிலும் மாடிப்படியிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வைக்காமல் ஒதுக்குப்புறமாக ஓர் இடம், குழந்தைகளும் முதியவர்களும் நடமாடாத நேரம், சாப்பிட்டபின் சுத்தம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது அநேகமாக இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சோறு வைக்கிற நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட மாநகராட்சிக்கு எழுதுங்கள், முடிந்தால் அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

பதினான்கு வயது நாய். சிறுநீரகம் போய்விட்டது, எழுந்திருக்கவில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் டாக்டர். அது பாவம் இல்லையா? நான் அழுதால் வீட்டில் "நாய்க்குப் போயா" என்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

நூற்றுக்கணக்கான வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட இலேசாகப் பதில் சொன்னதில்லை. ஒரு காலண்டரை எடுங்கள். இன்றைக்கு அது தானாகச் சாப்பிட்டதா, நீங்கள் கூப்பிட்டதும் தலையைத் தூக்கியதா, தன் மூத்திரத்திலேயே கிடக்காமல் நகர முடிந்ததா, முனகாமல் தூங்கியதா? நல்ல நாள் என்றால் ஒரு குறி, கெட்ட நாள் என்றால் ஒரு குறி. பத்து நாளில் கெட்ட நாள் கூடிக்கொண்டே போனால் நீங்கள் அதன் உயிரை நீட்டவில்லை, வலியை நீட்டுகிறீர்கள். என் மனசாட்சிப்படி அதுதான் பாவம்.

என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். முதலில் மயக்கத்துக்கு ஓர் ஊசி, அது நன்றாகத் தூங்கிய பிறகு ரத்தக்குழாயில் மயக்க மருந்து அதிக அளவில். சில நிமிடத்தில் இதயம் நின்றுவிடும், வலி தெரியாது. கண் மூடாமல் இருக்கலாம், நின்ற பிறகும் ஒரு பெருமூச்சு வரலாம், அது உயிர் இருப்பதன் அடையாளம் இல்லை. முடிந்தால் டாக்டரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். அதற்குத் தெரிந்த குரல் உங்களுடையதுதான்.

அப்புறம் அந்த "நாய்க்குப் போயா". மனிதர் இறந்தால் துக்கம் கேட்க ஊர் வருகிறது, சமைத்துக் கொடுக்கிறார்கள், பதினாறாம் நாள்வரை ஆள் இருக்கிறது. நாய் இறந்தால் மறுநாள் காலையிலேயே பால் வாங்கப் போக வேண்டும், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அதுவும் மனைவியோ பிள்ளையோ போன வீட்டில் மிஞ்சியிருந்தது அந்த நாய் என்றால், அது போகும்போது பழைய சாவும் சேர்ந்து வந்து நிற்கும். நீங்கள் அழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை சார். அந்த நாயைத் தெரிந்தவர்களிடம் போய் நீங்களே சொல்லுங்கள், வாட்ச்மேனிடம், டீக்கடையில், பேப்பர் போடும் பையனிடம். "நம்ம நாய் போயிடுச்சு" என்று சொன்னால் அவர்கள் ஒருவேளை நீங்கள் எதிர்பார்க்காத அளவுக்கு வருத்தப்படுவார்கள். காலை நடையை மட்டும் நிறுத்தாதீர்கள். கையில் கயிறில்லாமல் அந்தத் தெருவில் நடப்பது முதல் வாரம் கொடுமையாக இருக்கும், யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அடுத்த நாய் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

திடீரென்று என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் என் பூனையை யார் பார்ப்பார்கள்? அந்தப் பயத்திலேயே கண் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
– வாசகி, புதுச்சேரி

பூனை வீட்டை விட்டு வர விரும்பாது, ஆகவே ஆள்தான் பூனையிடம் வர வேண்டும். பக்கத்தில் இரண்டு பேரைக் கேளுங்கள், ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர். ஒரு சாவியைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் நன்றாக இருக்கும்போதே ஒரு சனி ஞாயிறு அவர்களை வந்து சாப்பாடு வைக்கச் சொல்லுங்கள், பூனைக்கும் பழகும், அவர்களுக்கும் பயம் போகும். ஒரு தாளில் அதன் பெயர், வயது, என்ன சாப்பிடும், எத்தனை தடவை, மணல் தட்டை எங்கே கொட்ட வேண்டும், கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி, டாக்டரின் போன் எண், செலவுக்குப் பணம் இருக்கும் டப்பா எது என்று பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். உங்கள் பர்ஸிலும் ஒரு சீட்டு: "வீட்டில் பூனை இருக்கிறது, இந்த எண்ணுக்குச் சொல்லவும்." ஆட்களைப் பேசி முடித்ததும் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிவிடுங்கள். முடிந்து வீட்டுக்கு வந்தபின் சொட்டு மருந்து போடும் நாட்களில் பூனையை உங்கள் படுக்கையில் படுக்க விடாதீர்கள், கையைக் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும்.